சிவப்பான பெண்ணுக்கு இங்கிலீஷில் என்ன?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் முதல் வாரத்திலேயே வந்துவிடும் பாடம் ஒன்று உண்டு. ஆட்களின் தோற்றத்தை வர்ணிப்பது எப்படி? போர்டில் எதிர்ச்சொற்களாக எழுதிப் போடுவார்கள். டால் - ஷார்ட், ஃபேட் - தின், ஃபேர் - டார்க், பியூட்டிஃபுல் - அக்ளி. பக்கத்திலேயே தமிழ் அர்த்தம். மனப்பாடம் செய்தாயிற்றா? அடுத்தது பயிற்சி: பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும்.

வில்லங்கம் இங்கேதான் ஆரம்பம். 'ஹீ இஸ் ஃபேட், ஹீ இஸ் டார்க்' என்று ஒருவன் இலக்கணப் பிழையே இல்லாமல் சொல்லி முடிப்பான். வகுப்பு சிரிக்கும். சொன்னவனுக்கு 'வெரி குட்' கிடைக்கும். சொல்லப்பட்டவன் மறுநாள் வகுப்புக்கு வருவானா என்று யாரும் யோசிப்பதில்லை. கூச்சம் போகட்டும் என்று பணம் கட்டிச் சேர்ந்தவன் அவன்!

சொன்ன பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று கற்றுக்கொடுத்த முறைதான் கோளாறு. ஒல்லிக்கு ஸ்லிம், தின், ஸ்கின்னி என்று மூன்று சொல் இருக்கிறது. ஸ்லிம் பாராட்டு. ஸ்கின்னி பெரும்பாலும் 'எலும்பும் தோலுமா இருக்கியே' ரகம். பூசினாற்போல இருப்பதற்கும் குண்டாக இருப்பதற்கும் தமிழில் எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும்தானே? அதையே பிடித்துக்கொண்டு இங்கிலீஷுக்குப் போகலாம். யாரும் போவதில்லை.

நிறம் என்று வந்தால் இன்னும் குழப்பம். தமிழில் வெளுத்த நிறத்தைச் சிவப்பு என்கிறோம். அப்படியே 'ரெட்' என்று மாற்றினால், வெள்ளைக்காரர் வெயிலில் கன்றிப்போன முகத்தைத்தான் நினைப்பார். 'ஃபேர் ஹேர்' என்றால் பொன்னிற முடி. மாநிறத்துக்கு நம்மூர் கல்யாண விளம்பரங்களில் வரும் 'வீட்டிஷ்' இந்தியாவைத் தாண்டினால் பலருக்குப் புரியாது. 'ஹோம்லி' கதை அதைவிட மோசம். இங்கே குடும்பப் பாங்கான பெண்; அமெரிக்காவில் பார்க்க லட்சணமில்லாதவள். பெண் வீட்டார் காசு கொடுத்துப் போடும் விளம்பரம் அது :)

ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமே 2020ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. போர்டில் மட்டும் ஃபேரும் பியூட்டிஃபுல்லும் ஒரே பக்கம், டார்க்கும் அக்ளியும் ஒரே பக்கம். சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனி அழகுக்கு 'மாமை' என்றே ஒரு சொல் உண்டு, மாந்தளிர் நிறம் என்பார்கள். அந்த ஊரில்தான் இந்தப் பட்டியல்.

பயிற்சியைக் கொஞ்சம் மாற்றினாலே போதும். எழும்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கும் ஒருவரை, முன்பின் பார்த்திராத நண்பர் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். போனில் என்ன சொல்வீர்கள்? இப்படிக் கேட்டால் சுருட்டை முடி, தாடி, கண்ணாடி, கன்னத்துக் குழி, கட்டம் போட்ட சட்டை எல்லாம் தானாக வரும். 'லாங் பிளாக் ஹேர்' சரி, 'பிளாக் லாங் ஹேர்' காதில் இடிக்கும், அளவு முன்னால் நிறம் பின்னால் என்கிற வரிசையும் அங்கேயே பழகிவிடும். டார்க்கை ஒளித்துவைக்கவும் வேண்டாம், ஒளித்தால்தான் அது குறை மாதிரி ஆகிறது. உயரம், முடி, கண்ணாடியோடு சேர்த்து அதையும் சொல்லட்டும். அக்ளியைச் சொல்லிப் பார்த்தால் தெரியும்: அதை வைத்துக்கொண்டு எழும்பூரில் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது.