ஆளில்லாத மாடிக்கு எதுக்குங்க லைட்டு?

தோழர்களே! ரெண்டு மாசத்துக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டைத் தாண்டிடக் கூடாதுன்னு புதுக்கோட்டை குளத்தூர்ல நம்ம அம்மாக்கள் சுவிட்சை எண்ணி எண்ணிப் போடுறாங்க. "மின்சாரம் சேமிப்பீர்" உபதேசமும் அவங்களுக்கே! பெரிய அலுவலகக் கட்டடங்களுக்கு?

எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகளை மத்திய அரசு 2007-லேயே கொண்டுவந்து, 2017-ல் திருத்தியும் ஆச்சு. ஆள் இல்லைன்னா விளக்கு தானா அணையணும், பகல் வெளிச்சம் வந்தா மங்கணும். சென்சார்களை ஒரே நெட்வொர்க்கில் இணைச்சா முடிஞ்சுது!

"நிதி இல்லை" என்பார்கள். கண்ணாடி முகப்புக்கும் கிரானைட் தரைக்கும் மட்டும் எங்கிருந்து வந்துச்சு?

நம் கோரிக்கை இரண்டு:
👉 ஒவ்வொரு பெரிய அரசுக் கட்டடமும் இரவு 10 மணிக்கு மேல் இழுக்கும் யூனிட்டை மாதாமாதம் வெளியிடு!
👉 புதிய டெண்டர்களில் தானியங்கி விளக்குக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கு!

சிக்கனத்தைக் குளத்தூர் எப்பவோ தொடங்கிருச்சு. கோட்டை எப்போ தொடங்கும்?

கேளுங்கள், பகிருங்கள்!
#கோட்டையில்_லைட்டை_அணை