வணிகரும் நுகர்வோரே!

கடைக்குப் பெயர்ப் பலகை எழுதியவர் பிழையாக எழுதிவிட்டால், கடைக்காரர் அன்றே கண்டுபிடித்துவிடுவார். தச்சர் செய்து கொடுத்த அலமாரி ஆட்டம் கண்டால், கூலியை நிறுத்தி வைப்பார். ஆனால், "கூகுள் தேடலின் முதல் பக்கத்தில் உங்கள் கடையைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன்" என்று சொல்லி முன்பணம் வாங்கியவர் என்ன வேலை செய்தார், செய்தாரா இல்லையா என்பதைக்கூட அறிந்துகொள்ளும் வழி ஒரு சிறு வணிகருக்கு இல்லை. இந்த அறியாமையையே மூலதனமாகக் கொண்டு, இணையவழி விளம்பர ஆலோசகர்கள் என்கிற பெயரில் ஒரு கூட்டம் நாடு முழுவதும் பெருகியிருக்கிறது.

சிறு வணிகர்கள் இணையத்தை நாடியது விருப்பத்தால் மட்டுமல்ல. 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகைக்குப் பிறகு கைப்பேசி இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் மதிப்பு ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டதும், மின்னணுப் பணப் பரிவர்த்தனையை நோக்கி வணிகர்கள் தள்ளப்பட்டனர். 2020 மார்ச்சில் தொடங்கிய பொது முடக்கம் கடைகளின் கதவுகளை அடைத்தது. தில்லி கரோல் பாக் துணிக்கடைக்காரரும், ஆக்ராவின் காலணி தயாரிப்பாளரும், மொராதாபாதின் பித்தளைப் பாத்திர வியாபாரியும், இணையத்தில் இல்லாவிட்டால் இனி வியாபாரமே இல்லை என்கிற அச்சத்துக்கு ஆளாயினர். அந்த அச்சத்துக்குத்தான் இப்போது விலை பேசப்படுகிறது.

தொலைபேசியில் அழைப்பவர், தன்னைக் கூகுள் நிறுவனத்தின் பிரதிநிதி என்றே சில நேரங்களில் அறிமுகப்படுத்திக் கொள்கிறார். ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கான கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறார். முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறார். தேடல் முடிவுகளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது என்பதும், விளம்பரம் அல்லாத இயல்பான தேடல் வரிசையில் இடம் பிடிக்க அந்த நிறுவனம் பணம் பெறுவதில்லை என்பதும், வரைபடத்தில் கடையின் பெயரைப் பதிவு செய்வது முற்றிலும் இலவசம் என்பதும் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

தணிக்கையாளராகத் தொழில் செய்ய 1949-ஆம் ஆண்டுச் சட்டமும், வழக்குரைஞராகத் தொழில் செய்ய 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் தகுதியை வரையறுக்கின்றன. இணையவழி விளம்பர ஆலோசகர் என்று முகவரி அட்டை அச்சடித்துக்கொள்ள எந்தத் தகுதியும் தேவையில்லை. அலுவலகச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் சான்றிதழ்களிலும், வீட்டிலிருந்தபடியே யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேர்வெழுதிப் பெறக்கூடியவை உண்டு. திறமையும் நேர்மையும் உள்ள ஆலோசகர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களையும் அரைகுறைகளையும் வேறுபடுத்திப் பார்க்கும் அளவுகோல் வணிகரிடம் இல்லை என்பதுதான் பிரச்னை.

இழப்பு கட்டணத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. தரமற்ற உள்ளடக்கம் கொண்ட தளங்களைப் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தை 2011-லும், விலைக்கு வாங்கிய இணைப்புகளால் செயற்கையாக முன்னேறும் தளங்களைத் தண்டிக்கும் மாற்றத்தை 2012-லும் கூகுள் கொண்டு வந்தது. இது தெரியாத, அல்லது தெரிந்தும் கவலைப்படாத ஆலோசகர்கள் அதே பழைய குறுக்குவழிகளைக் கையாளும்போது, முன்னுக்கு வர வேண்டிய கடை பின்னுக்குப் போகிறது. பொய்யான வாடிக்கையாளர் கருத்துகளை எழுதி வாங்கினால், அதன் பழியும் கடையின் பெயருக்கே வந்து சேர்கிறது.

மாதந்தோறும் தரப்படும் அறிக்கைகளிலும் சூழ்ச்சி உண்டு. கடையின் பெயரைத் தட்டச்சு செய்தால் முதலிடத்தில் வருவதைக் காட்டிச் சாதனை என்கிறார்கள். கடையின் பெயரைத் தெரிந்து தேடுபவர் ஏற்கெனவே அந்தக் கடையை அறிந்தவர். புதிய வாடிக்கையாளர் அல்லர். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்கிற கணக்கு இருக்கும். எத்தனை பேர் வாங்கினார்கள் என்கிற கணக்கு இருக்காது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இணைய முகவரியை ஆலோசகர் தன் பெயரில் பதிவு செய்துகொள்வது. கருத்து வேறுபாடு ஏற்படும் நாளில்தான், பல ஆண்டுகளாக விளம்பரம் செய்த முகவரி தனக்குச் சொந்தமில்லை என்பது வணிகருக்குத் தெரிய வருகிறது. கடைச் சாவியை வேலையாளிடம் கொடுக்கலாம். பத்திரத்தை அவர் பெயரில் எழுதிக் கொடுக்கலாமா?

இப்படி ஏமாந்தவர் எங்கே போய் முறையிடுவது? நாடாளுமன்றம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்லர் என்றது. எனினும், சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கிய பொருள்களும், பெற்ற சேவைகளும் வணிக நோக்கத்தில் அடங்காது என்கிற விளக்கமும் அதில் இருந்தது. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே என்று 1995-இல் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டிய நியாயத்தின் தொடர்ச்சி அது.

அந்தச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இந்த விளக்கத்தில் பொருள்கள் மட்டும் எஞ்சின, சேவைகள் விடுபட்டுவிட்டன. மாநிலங்களவை அந்த மசோதாவை நிறைவேற்றிய 2019 ஆகஸ்ட் 6-ஆம் தேதிதான், மக்களவை ஜம்மு-காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதாவை நிறைவேற்றியது. நாட்டின் கவனம் முழுவதும் அங்கே இருந்தது. ஓரிரு சொற்களின் மறைவு வெளியே எந்தச் சலனத்தையும் ஏற்படுத்தவில்லை. 2020 ஜூலை 20 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் விளைவு: தன் கையால் ஓட்டும் தையல் இயந்திரம் பழுதானால் தையல்காரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், தன் கடைக்கு விளம்பரம் செய்வதாகச் சொன்னவர் ஏமாற்றினால், "நீங்கள் நுகர்வோர் அல்லர்" என்கிற ஆட்சேபத்தை அவர் எதிர்கொள்ள வேண்டும். லாபம் ஈட்டும் செயலோடு நெருங்கிய, நேரடித் தொடர்பு உண்டா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன. விளம்பரத்தைவிட நேரடித் தொடர்பு வேறு எதற்கு இருக்க முடியும்?

காவல் நிலையம் போகலாம் என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்கீழ் மோசடியை நிரூபிக்க, தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். திறமையின்மை குற்றமாகாது. உரிமையியல் நீதிமன்றம் போகலாம் என்றால், முப்பதாயிரம் ரூபாயை மீட்பதற்காகக் கடையை மூடிவிட்டு வாய்தாவுக்கு அலைய யாரால் முடியும்?

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 45 நாள்களுக்குள் பணம் தரப்படாவிட்டால் வசதியாக்க மன்றத்தில் முறையிடவும், வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் வழி செய்கிறது. ஆனால், அந்தப் பாதுகாப்பு பொருளோ சேவையோ வழங்குபவருக்குத்தான். உத்யம் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்ட ஆலோசகர், கட்டணம் தராத கடைக்காரர்மீது அங்கே புகார் அளிக்கலாம். உருப்படியான சேவை கிடைக்காத கடைக்காரர் அங்கே போக முடியாது. ஏமாற்றியவருக்கு வாசல் இருக்கிறது, ஏமாந்தவருக்கு இல்லை.

மற்ற நாடுகள் இதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. கூகுளின் பெயரைச் சொல்லிச் சிறு வணிகர்களைத் தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறித்ததாக ஃபுளோரிடா நிறுவனங்கள்மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018-இல் வழக்குத் தொடுத்தது. நுகர்வோருக்காக வகுத்த நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான பாதுகாப்பை, 2016 நவம்பர் முதல் சிறு வணிகங்களுக்கும் ஆஸ்திரேலியா விரிவுபடுத்தியது.

இங்கேயும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. தேர்ச்சிக்கும் வேலைக்கும் உத்தரவாதம் தருவதாகப் பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. தேர்வில் வெற்றிக்கு உத்தரவாதம் தரக்கூடாது என்றால், தேடலில் முதலிடத்துக்கு மட்டும் எப்படித் தரலாம்?

ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்க இன்னொரு அலுவலகம் திறப்பது தீர்வாகாது. அது இடைத்தரகர்களையே வளர்க்கும். செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் விடுபட்ட சேவைகளை மீண்டும் சேர்க்க ஒரு சிறிய திருத்தம். இரண்டாவது, முதலிட உத்தரவாதத்தையும், பெருநிறுவனப் பிரதிநிதி என்கிற பொய்யான அறிமுகத்தையும் தடை செய்யும் நெறிமுறை. மூன்றாவது, குறு, சிறு, நடுத்தரத் தொழில்துறை அமைச்சகம் அனைத்து மொழிகளிலும் வெளியிட வேண்டிய ஒரு பக்க மாதிரி ஒப்பந்தம். இணைய முகவரியும் விளம்பரக் கணக்குகளும் வணிகர் பெயரிலேயே இருக்க வேண்டும், கட்டணம் மாதந்தோறும் வேலையைப் பார்த்தே தரப்பட வேண்டும் என்கிற இரண்டு விதிகள் அதில் இருந்தாலே பாதி மோசடி நின்றுபோகும்.

அதுவரை வணிகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாதிரி ஒப்பந்தத்தை வணிகர் சங்கங்களே இப்போதே உருவாக்கிக்கொள்ளலாம். கடவுச்சொல்லைத் தன்வசம் வைத்துக்கொள்ளவும், ஆலோசகரின் பழைய வாடிக்கையாளர்கள் இருவரிடம் விசாரிக்கவும் எந்தச் சட்டமும் தேவையில்லை.

விற்கும்போது வரி செலுத்துபவராக அரசின் கண்ணுக்குத் தெரிகிற சிறு வணிகர், சேவை வாங்கி ஏமாறும்போது மட்டும் மறைந்துபோவது நியாயமல்ல. அவரும் நுகர்வோரே என்று நாடாளுமன்றம் மீண்டும் சொல்ல வேண்டும். அதற்கு ஓரிரு சொற்கள் போதும்!