மிலிட்டரி மாமாவின் ட்ரங்குப் பெட்டி

‘மிலிட்டரி’ என்ற வார்த்தைக்குத் தமிழில் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, ஹோட்டல். மட்டன் சுக்கா, தலைக்கறி, ‘இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துப்பா’. இரண்டு, கான்டீன் சரக்கு. எல்லையைக் காப்பது, பனியில் நிற்பது எல்லாம் இந்த இரண்டுக்கும் அப்புறம்தான் ஞாபகம் வரும்.

அதனால்தான் 2015 ஆயுத பூஜை லீவுக்கு “எங்க மிலிட்டரி மாமா வர்றார்டா” என்று நான் சொன்னதும் ரூமில் ஒரே பரபரப்பு. முடிச்சூரில் மாடி போர்ஷன். ஐந்து பேர். அத்தனை பேருக்கும் ஒரகடம் பக்கம் வேலை. தேனிக்காரன் தரையைப் பெருக்கினான். (குடிவந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவை!) அரியலூர்க்காரன் எங்கிருந்தோ ஐஸ் கட்டி வாங்கி வந்து, வாளியில் போட்டு, துண்டு போர்த்தி வைத்திருந்தான்.

மாமா வந்தார். கூடவே பச்சை பெயின்ட் அடித்த ஒரு ட்ரங்குப் பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய தேனிக்காரன், கனத்தைப் பார்த்து என்னிடம் கண்ணடித்தான். ரூமே மூச்சைப் பிடித்துக்கொள்ள, மாமா பெட்டியைத் திறந்தார்.

உப்புமா, புலாவ், பிஸிபேளாபாத் என்று பதினைந்து பாக்கெட். ஒரு டின்னில் அத்தை செய்த கலகலா. இன்னொரு டின்னில் பொரிவிளங்காய் உருண்டை. ஒரு டார்ச். ஒரு அட்டை குளோரின் மாத்திரை.

“மாமா... வேற?”

“வேற என்ன மாப்ளே வேணும்? அஞ்சு பேருக்கு மூணு நாள் தாங்கும். மழைக்காலம் வருதுல்ல?”

அரியலூர்க்காரன் ஐஸ் கட்டியைச் சத்தமில்லாமல் வாஷ்பேசினில் போட்டான்.

* * *

மாமா விடவில்லை. ஐந்து பேரையும் உட்கார வைத்து கிளாஸ் எடுத்தார்.

“கலகலாவைக் கேலி பண்ணாதே. வடக்கே இதுக்கு சக்கர்பாரான்னு பேரு. அடுப்பு மூட்ட முடியாத இடத்துல எங்களுக்கு இதுதான் சோறு. மாவு, சர்க்கரை, எண்ணெய். ஈரம் கிடையாது. ஈரம் இல்லாத இடத்துல கிருமி குடித்தனம் பண்ணாது.”

“அப்ப இந்த உப்புமா ஈரமாத்தானே இருக்கு?” என்றான் தேனிக்காரன், விடாக்கண்டன்.

“அது மைசூர் வேலை” என்றார் மாமா.

மைசூரில் ராணுவத்துக்கென்றே ஒரு உணவு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. டி.எஃப்.ஆர்.எல். என்பார்கள். 1961-ல் ஆரம்பித்தது. ராகேஷ் ஷர்மா 1984-ல் விண்வெளிக்குப் போனபோது அவருக்கு இந்தியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர்களும் இவர்கள்தான். சிப்பாய்க்காக இங்கே உருவான பாக்கெட் டெக்னாலஜிதான் பிறகு தனியார் கம்பெனிகளுக்கும் போய், இன்று சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ‘ரெடி டு ஈட்’ என்று சிரிக்கிறது.

சங்கதி ரொம்ப சிம்பிள். நம் வீட்டு பிரஷர் குக்கர்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் செத்துப்போகாமல் உறங்கிக்கொண்டு, காற்றில்லாத இடத்தில் எழுந்து விஷம் கக்கும் கிருமி வித்துகள் உண்டு. அவற்றை ஒழிக்க 121 டிகிரி வேண்டும். அதற்கு பிரஷர் வேண்டும். சமைத்த உணவைப் பாக்கெட்டில் போட்டு, காற்றை எடுத்து, சீல் வைத்து, பாக்கெட்டோடு ஒரு ராட்சசக் குக்கரில் ஏற்றிவிடுகிறார்கள். பாக்கெட்டுக்கு மூன்று சட்டை. வெளியே பாலியஸ்டர், நடுவே அலுமினியத் தாள், உள்ளே பாலிப்ரொப்பிலீன். வெளிச்சம், காற்று, ஈரம் எதுவும் உள்ளே போகாது. ஃபிரிட்ஜ் இல்லாமல் ஒரு வருஷம் கிடக்கும். (இதை வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். சூடு கொஞ்சம் குறைந்தாலும் சிக்கல்.)

இந்த ஐடியாவுக்குத் தாத்தா ஒரு பிரெஞ்சு மிட்டாய்க் கடைக்காரர். நிக்கோலா அப்பேர். கண்ணாடிப் புட்டியில் சாப்பாட்டை அடைத்து, மூடி, கொதிநீரில் வைத்தால் கெடாது என்று கண்டுபிடித்தார். நெப்போலியன் படைகளுக்குச் சோறு போடத் திண்டாடிக்கொண்டிருந்த பிரெஞ்சு அரசாங்கம் 1810-ல் 12,000 ஃபிராங்க் கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது! பாஸ்டர் வந்து கிருமி என்று சொல்ல இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. அதே 1810-ல் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்கு பேடன்ட் வாங்கிவிட்டார்கள். ஆனால் டப்பாவைத் திறக்க ஒரு கருவி வேண்டுமே என்று நாற்பது வருஷத்துக்கு மேல் யாருக்கும் தோன்றவில்லை. அதுவரை உளியும் சுத்தியும்தான். இந்தச் சுத்தியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

* * *

நான் அப்போது ஒரு உதிரி பாகக் கம்பெனியில் மெட்டீரியல் பிளானிங்கில் இருந்தேன். மாமாவுக்கு நான் பதில் கிளாஸ் எடுத்தேன்.

“மாமா, ஸ்டாக் வைக்கிறதெல்லாம் பழைய காலம். இப்ப ‘ஜஸ்ட் இன் டைம்’. மத்தியானம் வண்டியில மாட்டற பொருள் காலைல வந்தாப் போதும். ஸ்டாக் வெச்சா பணம் முடங்கும், இடம் அடைக்கும். எங்க ரூமும் அப்படித்தான். காலைல தள்ளுவண்டி இட்லி, மத்தியானம் கம்பெனி கான்டீன், ராத்திரி மெஸ். ஜீரோ இன்வென்ட்ரி!”

மாமா பொறுமையாகக் கேட்டார். “சரி மாப்ளே. ரோடு போச்சுன்னா?”

“ரோடு எங்க மாமா போகும்?” என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். மாமா ஊருக்குப் போனதும் அந்தப் பெட்டியின் மேல் போர்வையை விரித்து அயர்ன் பண்ண ஆரம்பித்தோம். உயரம் சரியாக இருந்தது.

* * *

ரோடு போயிற்று.

நவம்பர் நடுவில் வந்த முதல் வெள்ளத்தில், தீபாவளிக்குப் போன இடத்தில் லீவை இழுத்துக்கொண்டிருந்ததால் தப்பித்தோம். டிசம்பர் 1 தப்பவிடவில்லை. 2-ம் தேதி காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. மணிமங்கலம், ஆதனூர் ஏரித் தண்ணீர் அடையாற்றில் சேர்ந்து வரும் வழியில்தான் முடிச்சூரும் வரதராஜபுரமும். ராத்திரியோடு ராத்திரியாகத் தெரு ஆறாகிவிட்டது. கரன்ட் இல்லை, டவர் இல்லை. ஐந்து கிலோ சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் காற்றுப்போல எழும்பியது. இரண்டு நூடுல்ஸ் பாக்கெட் இருந்தது. அதை வேகவைக்க நெருப்பு?

விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம். ஹவுஸ் ஓனர்! வாடகை கேட்காமல் அவர் மாடி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. கீழ் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். பின்னால் அவர் மனைவி, ஸ்கூல் படிக்கும் பெண், ஈரப் புடவையோடு எழுபது தாண்டிய அவர் அம்மா. “பேச்சிலருக்கு வீடு விடறதே தப்பு” என்று மாதாமாதம் சொல்பவர், “தம்பி, கொஞ்சம் உக்காந்துக்கலாமா?” என்றார்.

ஐந்தும் நாலும் ஒன்பது பேர்.

பெட்டி மேலிருந்த அயர்ன் பாக்ஸை நான்தான் எடுத்து வைத்தேன். காலண்டர் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இத்தனை நாள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை, முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது. வேளைக்கு மூன்று பாக்கெட். ஒன்று 300 கிராம், ஆளுக்கு 100 கிராம். ஐந்து வேளை வரும். நடுவில் கலகலா, உருண்டை. மொட்டை மாடி டேங்கில் மிச்சமிருந்த தண்ணீருக்குக் குளோரின் மாத்திரை.

ஆறிப்போன உப்புமாவைப் பாக்கெட்டிலிருந்து அப்படியே சாப்பிட்டிருக்கிறீர்களா? அன்றைக்கு ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. பாட்டி மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “கடுகு பத்தலை” என்றாள். இரண்டு நாளில் எல்லோரும் சிரித்த ஒரே நேரம் அது.

ஆனால் பொரிவிளங்காய் உருண்டையைப் பார்த்ததும் பாட்டியின் முகம் மாறிவிட்டது. “யாருப்பா செஞ்சது? எங்கம்மா பிடிச்சுத் தருவா.” பல்லில்லாத பாட்டி அதை எப்படிக் கடிப்பாள்? தேனிக்காரன் பரணிலிருந்து ஒரு சுத்தியைத் தேடி எடுத்து, துணியில் சுற்றித் தட்டித் தூளாக்கிக் கொடுத்தான். சுத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே! பிரெஞ்சுக்காரருக்குப் பரிசு கிடைத்து இருநூறு வருஷம் கழித்தும், அவசரச் சாப்பாட்டுக்குச் சுத்திதான் துணை.

3-ம் தேதி சாயங்காலம் ஒருத்தன் போனில் மட்டும் ஒரு கட்டை சிக்னல் வந்தது. ஆளுக்கு அரை நிமிஷம். அம்மா எடுத்த எடுப்பில் கேட்டது வெள்ளத்தைப் பற்றி இல்லை.

“சாப்ட்டியாடா?”

“சாப்ட்டேம்மா.”

மெஸ் லீவு விட்ட நாளிலும், மாசக் கடைசியில் டீயோடு படுத்த நாளிலும் தினம் சொன்ன பதில்தான். அன்றைக்கு நிஜமாகச் சொன்னேன். அதனாலோ என்னவோ தொண்டை அடைத்துக்கொண்டது.

4-ம் தேதி காலை கடைசி மூன்று பாக்கெட்டைப் பிரித்து முடித்தோம். பத்து மணிக்குப் படகு வந்தது. வேளைக்கு நாலாகப் பிரித்திருந்தால்? அந்தக் கணக்கை இன்னும் நான் போட்டுப் பார்க்கவில்லை.

மைசூரின் இன்னொரு உணவு ஆராய்ச்சிக்கூடமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. அந்த வாரம் சென்னைக்கு உணவுப் பொட்டலங்கள் தயாரித்து அனுப்பியது என்று பிறகு பேப்பரில் படித்தேன். வண்டி போன இடத்துக்கெல்லாம் மைசூர் வந்து சேர்ந்தது. எங்களுக்கு அது ஆயுத பூஜைக்கே வந்து, அயர்ன் பாக்ஸுக்கு அடியில் காத்திருந்தது.

ஓனர் அந்த மாதம் வாடகை கேட்கவில்லை. (அடுத்த மாதம் இருநூறு ரூபாய் ஏற்றினார். அது வேறு விஷயம்.)

* * *

அந்த வாரம் சென்னையைச் சுற்றியுள்ள கார் தொழிற்சாலைகள் லைனை நிறுத்தின. ஜஸ்ட் இன் டைமில் பொருள் வர ரோடு வேண்டுமே. கார் நாலு நாள் கழித்து வந்தால் யாரும் சாக மாட்டார்கள். வயிறு அப்படியில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் ஒரு பாக்கெட் பாலுக்கு ஜனங்கள் அலைந்ததைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பத்து நிமிஷத்தில் மளிகை கொண்டுவரும் ஆப் இருக்கிறது என்பீர்கள். கொண்டுவரும் தம்பிக்கும் ரோடு வேண்டும் சார்.

பெரிய செலவில்லை. ஒரு பெட்டி. ஆளுக்கு மூன்று நாள் கணக்கு. சமைக்க வேண்டாத, ஃபிரிட்ஜ் கேட்காத பண்டம். ரெடிமேட் பாக்கெட், அவல், பொரிகடலை, கடலை மிட்டாய், பேரீச்சை. முக்கியமாகக் குடிதண்ணீர். உப்பிய பாக்கெட்டை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். முதலில் வாங்கியதை முதலில் தின்னுங்கள். ஸ்டோர்ஸில் இருக்கும் நண்பர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதை எப்போது மாற்றுவது என்று குழப்பமா? வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று மெஷினைத் துடைத்து சந்தனப் பொட்டு வைக்கிறோம் இல்லையா? அன்றைக்கு அந்தப் பெட்டியையும் திறந்து, பழசைத் தின்று தீர்த்து, புதுசை வைத்துவிடுங்கள். மழை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

என் வீட்டில் பச்சைப் பெட்டி இன்னும் இருக்கிறது. போன வருஷம் மனைவி அதன் மேல் அயர்ன் பண்ணப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.