கடல் எதையும் கரைத்துவிடாது

ஒரு கடலின் உயிர்கள் இன்னொரு கடலுக்குக் கப்பல்களின் வழியே இரண்டு விதமாகப் போய்ச் சேர்கின்றன. முதலாவது, சமநிலை நீர். சரக்கில்லாத கப்பல் தள்ளாடாமலிருக்கத் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்கிறது; சரக்கேற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டிவிடுகிறது. அந்த நீரோடு முட்டைகளும் கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகளும் வந்துவிடுகின்றன. இரண்டாவது, கப்பலின் அடிப்பாகம். பாசியும் சிப்பியும் கொட்டலசும் அதில் ஒட்டிக்கொண்டே நாடு கடக்கின்றன.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்த இரண்டு வழிகளும் திறந்தே கிடக்கின்றன. டிண்டிங் ஆற்றுமுகத்தில் லுமுட் துறைமுகமும் கடற்படைத் தளமும் இருக்கின்றன. 2014 முதல் தெலுக் ருபியாவில் பிரேசிலின் இரும்புத்தாது இறங்குகிறது. சிறிய கப்பல்களில் அது மீண்டும் ஏற்றப்படுகிறது. தாதுவை ஏற்ற வரும் கப்பல்கள் தொட்டிநிறைய வேற்றூர் நீரோடு வருகின்றன. உல்லாசப் படகுகளோ வாரக்கணக்கில் படகுத்துறையில் அசையாமல் நின்றுவிட்டுப் பங்கோர் தீவுக்கும் அப்பாலும் போகின்றன.

இதைச் சொன்னால் வரும் பதில் ஒன்றுதான்: “கடல் பெரிது, தண்ணீர் எல்லாம் ஒன்று, எது வந்தாலும் கரைந்துவிடும்.” இந்த நம்பிக்கை தவறானது. அது தீங்கும் செய்கிறது.

தண்ணீர் ஒன்றாக இருக்கலாம். உயிர்களின் எல்லைகள் ஒன்றல்ல. பல சிப்பிகளின் இளவுயிரிகள் நீரில் மிதப்பது சில நாட்கள் அல்லது சில வாரங்கள் மட்டுமே. அதற்குள் பெருங்கடலைக் கடக்க முடியாது. வெப்பமும் உப்பின் அளவும் மேலும் தடை போடுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகள் நின்ற இந்த வேலியைக் கப்பல் சில வாரங்களில் தாண்டிவிடுகிறது. வந்த உயிர் பரந்த கடலில் சிதறியும் போவதில்லை. அலையடங்கிய துறைமுகத்தில், கான்கிரீட் தூண்களிலும் மிதவைகளிலும் சங்கிலிகளிலும் குடியேறுகிறது. மாசுபட்ட அந்த நீரில் உள்ளூர் உயிர்கள் ஏற்கெனவே நலிந்திருக்கின்றன. கடலின் பரப்பு அங்கே எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை.

தமிழ்நாட்டின் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் நடப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். தென்னமெரிக்கச் சிப்பி ஒன்று அங்கே ஆற்றடியைப் பாய்போல் மூடிவிட்டது. மீனவர்கள் அதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். இறால் புதைந்து வாழச் சேறு இல்லை; உள்ளூர் மட்டிகளுக்கு இடமில்லை. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் அன்றாட வருமானம் போயிற்று. அதே சிப்பி 2016இல் சிங்கப்பூரிலும் கண்டறியப்பட்டது. மலாக்கா நீரிணையின் தென்வாயில் நிற்கும் உயிருக்குப் பேராக் தொலைவல்ல.

“பால்மரமும் பிரேசிலிலிருந்து வந்ததுதானே, அது நமக்குச் சோறு போடவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகள் பேராக்கின் வரலாற்றையே மாற்றின என்பது உண்மை. ஆனால் பால்மரம் மனிதன் நட்ட இடத்தில் நின்றது. வேண்டாதபோது வெட்டப்பட்டு, தோட்டந்தோட்டமாகச் செம்பனை நடப்பட்டது. ஆற்றடியில் பரவிவிட்ட சிப்பியை அப்படி வெட்டி எடுக்க முடியாது.

பிறப்பிடம் இங்கே குற்றமல்ல. மலேசியர் விரும்பி உண்ணும் பச்சைச் சிப்பியே 1990இல் டிரினிடாடிலும் 1999இல் புளோரிடாவின் தம்பா விரிகுடாவிலும் தோன்றியது; தம்பாவில் மின்நிலையங்களின் நீர்க்குழாய்களில் அடைத்துக்கொண்டது. பேராக்கில் கடல்நீரால் குளிர்விக்கப்படும் மஞ்சோங் அனல்மின் நிலையத்துக்கும் இத்தகைய ஆபத்து உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு கோலா செப்பத்தாங்கில் நேரும். அங்குள்ள கேராங் என்னும் மட்டி வளர்ப்பு முழுவதும் சேற்றுப்படுகையை நம்பியது. சேறு மூடப்பட்டால் அந்தத் தொழிலே இல்லை.

“சட்டம் வந்துவிட்டதே” என்பது அடுத்த சமாதானம். 2004இல் ஏற்கப்பட்ட சமநிலை நீர் உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8 முதல் நடப்பில் உள்ளது. மலேசியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது தொட்டி நீரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. கப்பலடியில் ஒட்டுவதைப் பற்றி அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2011இல் தந்தவை வெறும் வழிகாட்டுதல்கள். நியூசிலாந்து 2018இல் கப்பலடியின் தூய்மையைக் கட்டாயமாக்கியது. பாதி வாசலை அடைத்துவிட்டு வீடு பத்திரம் என்று சொல்ல முடியாது.

வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் வீண். 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் கரீபியக் கருங்கோட்டுச் சிப்பி படகுத்துறைகளில் பரவியது. துறைகளை மூடி, குளோரினும் செப்பு சல்பேட்டும் கொட்டி அதை ஒழித்தார்கள். உள்ளிருந்த மற்ற உயிர்களும் மடிந்தன. அதுவும் அந்தத் துறைகளுக்குப் பூட்டும் மதகுகள் இருந்ததால்தான் முடிந்தது. அதே இனம் 1967இல் விசாகப்பட்டினத்தில் காணப்பட்டது. அங்கிருந்து அது போகவேயில்லை. டிண்டிங் ஆற்றுக்கு மதகு கிடையாது.

ஆகவே தடுப்பதொன்றே வழி. படகுகளைக் கரையேற்றிச் சுரண்ட வேண்டும். சுரண்டியதை மீண்டும் கடலில் தள்ளக் கூடாது. லுமுட், பங்கோர் படகுத்துறைகளின் தூண்களையும் மிதவைகளையும் மீன்வளத் துறை ஆண்டுதோறும் ஆராய வேண்டும். புதிய சிப்பியை முதலில் காணப்போகிறவர் மீனவர். அவர் சொல்லைக் கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும். கடல் பெரிது என்று சொல்லிக் கைகட்டி நிற்பவர்கள், சேற்றை நம்பி வாழும் குடும்பங்களின் பிழைப்பைப் பணயம் வைக்கிறார்கள். அந்த உரிமை எவருக்கும் இல்லை.