அன்னதான மேசையில் கேன்சர் பாலிசி விற்காதீர்கள்!

கொஞ்சம் காரமாத்தான் எழுதுறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பெரியவங்க சாப்பிட உட்கார்ந்தா, பக்கத்துல பாரத்தோட ஒரு ஏஜண்டு வந்து உட்கார்ந்துடுறார். "மெடிக்கல் கார்டு மட்டும் போதாதும்மா, கேன்சர் வந்தா பிள்ளைங்க கடனாளி ஆயிடுவாங்க" என்கிறார். சாமி கும்பிட வந்தவங்களைப் பயமுறுத்தி கையெழுத்து வாங்குறது நியாயமா?

ஏஜண்டுகளும் நம்ம பிள்ளைங்கதான், அது அவங்க பிழைப்பு. கேன்சர் பாலிசியே ஏமாற்று என்று நாங்க சொல்லவில்லை. நோய் உறுதியானா மொத்தமா ஒரு தொகை கிடைக்கும். சம்பளத்தை நம்பி குடும்பம் நடத்துற 35 வயசுக்காரருக்கு அது பெரிய உதவி. ஆனா வேலையை விட்டு ஓய்வா இருக்கும் 68 வயசு அம்மாவுக்கு முதலில் வேண்டியது சிகிச்சைச் செலவு. அதுக்குத்தான் கார்டு இருக்கே! அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியோதெரப்பி எல்லாம் பெரும்பாலான கார்டுகளில் ஏற்கெனவே உண்டு. அரசாங்க மருத்துவமனையும் இருக்கு. வரிசை நீளம்தான், ஆனா குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி.

ஏஜண்டு சொல்லாததைக் கேளுங்க. வயசு ஏற ஏற பிரீமியம் அதிகம். பெரும்பாலும் முதல் 60 நாளுக்குள் கேன்சர் தெரிஞ்சா பணம் கிடையாது. மிக ஆரம்பக் கட்ட கேன்சரைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. இருக்கிற நோயை மறைச்சு பாரம் நிரப்பினா கிளெயிமை நிராகரிக்கலாம். "அதையெல்லாம் எழுத வேண்டாம்மா" என்று சொன்னவர் அன்னைக்கு வந்து நிற்பாரா?

எங்களுக்கு இருக்கிற பெரிய பயம் வேற. கார்டு பிரீமியமே ஏறிக்கிட்டுப் போகுது. 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, அந்த ஏற்றத்தைக் குறைந்தது 3 வருஷத்துக்குப் பிரிச்சுப் போடச் சொல்லும் அளவுக்கு நிலைமை. இதுல புதுசுக்கும் கட்டணும்னா, ஒருநாள் பழைய கார்டுதான் கைவிட்டுப் போகும். இனிப்பு நீர், ரத்த அழுத்தம் உள்ள 68 வயசுக்காரருக்குப் புதுக் கார்டு யார் கொடுப்பா? கேன்சருக்குப் பாலிசி இருக்கும், மாரடைப்புக்கு ஒண்ணும் இருக்காது!

பெரியவங்களே, இங்க கையெழுத்துப் போடாதீங்க. பாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் பிள்ளைங்ககிட்ட காட்டுங்க. கார்டுல கேன்சருக்கு எவ்வளவு வரை கிடைக்கும்னு முதலில் கேளுங்க. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சா? பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு இருந்தா அதைக் கழிச்சுட்டுப் பணத்தைத் தருவாங்க.

நிர்வாகத்தினருக்கு எங்கள் வேண்டுகோள்: ஆலய வளாகத்தில் பாலிசி விற்பனைக்குத் தடை போடுங்கள். விளக்கக் கூட்டம் வேணும்னா மண்டபத்தில், பிள்ளைங்களையும் கூப்பிட்டு வைப்போம். அன்னைக்கும் கையெழுத்து வேண்டாம்.

மனசுல உள்ள பயத்தை இறக்கி வைக்கத்தான் பெரியவங்க கோயிலுக்கு வர்றாங்க. அவங்களுக்கு இங்கேயே புதுப் பயத்தைக் கொடுக்காதீங்க.

வீட்டுப் பெரியவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்கள், பகிருங்கள்.

ஆலயத் தொண்டர்கள்