தாவுற வண்டிக்கு என்ன ஊத்தணும்?

செமஸ்டர் முடிஞ்ச கையோட, 'மச்சி, ஒரு நைட்ரோ டிரக் வாங்கலாம்னு இருக்கேன்'னு உங்க கேங்ல ஒருத்தர் கிளம்பியிருப்பாரே? மண்ணை வாரி இறைச்சுக்கிட்டு ஆளுயரத்துக்குத் தாவுற அந்தக் குட்டி மான்ஸ்டரை வீடியோவில் பார்த்தா யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? நமக்கு ஊரே தவளக்குப்பம். பேரிலேயே தாவல் இருக்கு. (ஓகே, கடி இதோட போதும். விஷயத்துக்கு வர்றேன்.)

இது பேட்டரி போட்டு ஓட்டுற ரிமோட் கார் இல்லை பாஸ். உள்ளே இருக்கிறது நிஜமான டூ ஸ்ட்ரோக் இன்ஜின். உங்க சித்தப்பா ஓட்டின ஆர்.எக்ஸ். 100-க்கு ஒண்ணுவிட்ட தம்பி. அதில் 98 சிசி, இதில் வெறும் 2.5 அல்லது 3.5 சிசி. ஆனா அண்ணன் 7,500 ஆர்.பி.எம்.மில் முழு பவரைக் காட்டினா, தம்பி 30,000-ஐ அசால்ட்டா தாண்டுவான். பெட்டி மேல '15', '21'னு நம்பர் இருந்தா குழம்பாதீங்க. அது கன அங்குலக் கணக்கு. 0.15 கன அங்குலம்னா சுமார் 2.5 சிசி, 0.21-னா சுமார் 3.5 சிசி.

இன்னொரு ஆச்சரியம், இதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. குளோ பிளக்னு ஒண்ணு இருக்கும். அதுக்குள்ளே பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் 1.5 வோல்ட் கொடுத்துச் சூடாக்கணும். அப்புறம் பேட்டரியைக் கழட்டிடலாம். பிளாட்டினமும் மெத்தனாலும் சேர்ந்தா கம்பி தானாவே கனன்றுக்கிட்டு இருக்கும். கெமிஸ்ட்ரி கிளாஸில் 'வினையூக்கி'ன்னு சொன்னப்போ நாம தூங்கினோமே, அதேதான்.

மெத்தனால்னு சொன்னேன் இல்லையா? இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பாராதான் படிப்பேன்னா, அடுத்த பாராவைப் படிங்க.

நைட்ரோ ஃபியூயல்ங்கிற பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. அதில் நைட்ரோமீத்தேன் பொதுவா 16-லிருந்து 30 சதவீதம்தான். கொஞ்சம் ஆயில். மிச்சம் பெரும்பகுதி மெத்தனால். 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்துலயும், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியிலயும் சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடிச்சது இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல போயிட்டாங்க. மரக்காணம் நமக்கு ஒரு மணி நேரத் தூரம், ஏதோ வெளியூர்க் கதை இல்லை. உடம்புக்குள்ள போனா இது ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பைத்தான் தாக்கும். 10 மில்லி போதும், பார்வை போகலாம். ஃபியூயல் பாக்குறதுக்கு ரோஸ் கலர்ல, பச்சைக் கலர்ல ஜூஸ் மாதிரியே இருக்கும். அதனால தண்ணி பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில்ல மாத்தி வைக்கவே கூடாது. வீட்ல தம்பி, தங்கச்சி இருந்தா பூட்டுப் போட்ட அலமாரிதான். கையில பட்டா உடனே கழுவுங்க. தீப்பிடிச்சா பகல் வெளிச்சத்துல அதன் ஜுவாலை கண்ணுக்கே தெரியாதுங்கிறதையும் மனசுல வெச்சுக்கங்க.

'லேப்ல மெத்தனால் இருக்கு, நானே கலக்கிக்கிறேன்'னு கிளம்புற விஞ்ஞானிகளுக்கு ஒரு வார்த்தை. மெத்தனால் வெச்சிருக்கிறதுக்கு தமிழ்நாட்டுல 1959-லிருந்தே தனி விதிகள் இருக்கு. லைசென்ஸ் இல்லாம கேனோட முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாருங்க. புதுச்சேரியிலிருந்து கடலூர்ப் பக்கம் போற பாட்டில்னாலே போலீஸ் மோந்து பார்க்கிற இடம் அது. 'சார், இது பொம்மை காருக்கு'ன்னு சொன்னா நம்புவாங்களா, நீங்களே சொல்லுங்க. ரயில்லயும் எடுத்துட்டுப் போகக் கூடாது. விமானத்துல பேச்சே இல்லை. அதனால வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே, சட்டப்படி பில்லோட ஃபியூயல் தர்ற ஹாபி கடை எதுன்னு விசாரிங்க. அது கிடைக்கலைன்னா எலெக்ட்ரிக் வண்டிக்குப் போயிடுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்லை.

இதையும் தாண்டி 'எனக்கு இன்ஜின்தான் வேணும்'னு நிக்கிறவங்களுக்கு, எது வாங்கலாம்? 1999-ல் டிராக்ஸஸ் கம்பெனி விட்ட டி-மேக்ஸ்தான் இந்த மான்ஸ்டர் டிரக் பைத்தியத்தைக் கிளப்பிவிட்டது. 2002-ல் எச்.பி.ஐ. சாவேஜ், 21 சைஸ் இன்ஜினோட வந்து மிரட்டுச்சு. பேரைக் கேட்டாலே ஜிவ்வுனு இருக்கும். ஆனா முதல் வண்டிக்கு என் ஓட்டு 15 சைஸ் இன்ஜின், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற பத்தில் ஒரு பங்கு ஸ்கேல் டிரக். பாகங்கள் கம்மி, உடைஞ்சா செலவும் கம்மி. உடையும், அதில் சந்தேகமே வேண்டாம். சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்பர் கியர், குளோ பிளக், இந்த மூணும் எந்த மாடலுக்குச் சுலபமா கிடைக்குதோ அதுதான் நல்ல மாடல்.

புதுசு வாங்குறதுன்னா இன்னொரு அடி. வெளிநாட்டு பொம்மைகளுக்கும் ஸ்கேல் மாடல்களுக்கும் சுங்க வரியை 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமா ஏத்தினாங்க. 2023-ல் 70. டாலர் விலையைப் பார்த்துட்டு சும்மா ரூபாயில் பெருக்கினா ஏமாந்துடுவீங்க.

செகண்ட் ஹேண்ட்? தாராளமா. ஒரு டெஸ்ட் மட்டும் பண்ணுங்க. இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது ஃபிளைவீலைக் கையால சுத்துங்க. பெரும்பாலும் இந்த இன்ஜின்ல பிஸ்டன் ரிங் கிடையாது. சிலிண்டர் மேல போகப் போகக் குறுகும். அதனால பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கப்புனு இறுகணும். வழுக்கிக்கிட்டு சுத்துச்சுன்னா கம்ப்ரஷன் காலி. 'சூப்பர் கண்டிஷன் ப்ரோ'ன்னு அவர் எவ்வளவு சொன்னாலும், டீயைக் குடிச்சிட்டு நகர்ந்துடுங்க.

ஓட்டுற இடம்? நல்லவாடு, பூரணாங்குப்பம் பீச்தான் எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வரும். வேண்டாமே. ஏர் ஃபில்டரைத் தாண்டி ஒரு சிட்டிகை மணல் போனாலே சிலிண்டரைச் சுரண்டிடும். உப்பு பேரிங்கை அரிச்சிடும். அறுவடை முடிஞ்சு காய்ஞ்ச வயல்தான் அருமையான டிராக். சொந்தக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. சத்தம் காதைக் கிழிக்கும், அதனால ஆடு மாடு, வீடு பக்கத்துல வேண்டாம்.

4 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்துல வந்தா என்ன ஆகும்னு கணக்குப் போட்டேன். சுமார் 550 ஜூல். நாலு மாடி உயரத்திலிருந்து 4 கிலோ அரிசிப் பையை ஒருத்தர் கால்ல போடுற மாதிரி! அதனால ரேடியோவில் 'ஃபெயில்சேஃப்' இருக்கணும். சிக்னல் போனா அதுவே த்ராட்டிலை மூடி பிரேக் போட்டுடும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டை விட 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டர். வயல்ல விடுறதுக்கு முன்னாடி வண்டியைக் கட்டை மேல தூக்கி வெச்சு, ரிமோட்டை ஆஃப் பண்ணி ஒருமுறை பாருங்க.

டேங்க் 125 மில்லின்னா பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடும். ஒரு லிட்டருக்கு எட்டு டேங்க், அதாவது ஒன்றரை மணி நேரம். பாக்கெட் மணி எத்தனை லிட்டர் தாங்கும்னு இப்பவே பார்த்துக்கங்க. அதில் முதல் நாலஞ்சு டேங்க் பிரேக்-இன்னுக்கே போயிடும். ஃபியூயலைத் தாராளமா விட்டு, புகை கக்கவிட்டு, மெதுவா உருட்டணும். ஃபுல் த்ராட்டில் கிடையாது. பக்கத்துல நின்னு பார்க்கிற பசங்க 'இவ்வளவுதானா?'ன்னு கிண்டலடிப்பாங்க. அடிக்கட்டும்.