விளக்கு எரிந்தால் போதுமா?



அஸ்தம்பட்டியில் ஓய்வாக இருந்தாலும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் நோட்டோடு வீட்டுக்கு வருகிறார்கள். 8051-க்கு சி மொழியில் டைமர் இன்டரப்ட் எழுதியிருப்பார்கள். எல்.ஈ.டி. விட்டு விட்டு எரியும். லேபில் அதற்கு முழு மார்க். என்னைக் கேட்டால் அது பாதி விடைதான்.

உறவினர்களுக்காகச் சொல்கிறேன். அடுப்பில் பால் இருக்கும்போது காலிங் பெல் அடித்தால், அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்ப் பார்த்து, வந்து விட்ட இடத்தில் தொடர்கிறோம் அல்லவா? பிராசஸரில் பெல்லுக்குப் பதில் சொல்லும் சின்ன புரோகிராம்தான் இன்டரப்ட் ஹேண்ட்லர்.

8051 ஒரு 8 பிட் சிப். 16 பிட் எண்ணை அது இரண்டு தடவையாகத்தான் படிக்கும். கவுண்டரில் 255 இருக்கிறது. மெயின் புரோகிராம் கீழ்ப்பாதியைப் படித்தவுடன் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்கினால், மேல்பாதி புதியதாக வரும். கையில் கிடைப்பது 511! கவுண்டரில் அப்போது இல்லவே இல்லாத எண். லேபில் ஒரு மணி நேரம் ஓட்டினால் இது கண்ணில் படாது. தோட்டத்து மோட்டாரில் மாதக்கணக்கில் ஓடும்போது படும்.

"வாலடைல் போட்டிருக்கேன் சார்" என்பார்கள். போடத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. நடுவில் இன்டரப்ட் புகுவதை அது தடுக்காது. அந்த இன்டரப்டைக் கொஞ்சம் நிறுத்தி, எண்ணை நகலெடுத்து, உடனே திறந்துவிட வேண்டும்.

சிப் மாறினால் கணக்கும் மாறும். ஆர்ம் கார்டெக்ஸ்-எம் 8 ரிஜிஸ்டர்களைத் தானே எடுத்து வைத்துவிடும். ஹேண்ட்லரைச் சாதாரண சி ஃபங்ஷனாகவே எழுதலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, ரிஸ்க்-ஃபைவ் வகை. 2018-லேயே சிப்பாக வந்து லினக்ஸ் ஓட்டியது. அந்த வகையில் திரும்ப வேண்டிய முகவரி, காரணம் போன்ற சிலவற்றை மட்டுமே ஹார்டுவேர் குறித்துக்கொள்ளும். மற்ற ரிஜிஸ்டர்களைக் காப்பது புரோகிராமின் பொறுப்பு. ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டினால் ஆபத்துதான்.

இன்று கல்லூரிகளில் பாடம் எடுக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைவாவில் மூன்று கேள்வி கேளுங்கள். ஹேண்ட்லரும் மெயினும் சேர்ந்து தொடும் வேரியபிள் எது? அதை எப்படிக் காக்கிறாய்? ஹேண்ட்லர் முடிய எவ்வளவு நேரம்? பதில் வந்த பிறகு மார்க் போடுங்கள். விளக்கு எரிவதை யாரும் பார்க்கலாம். இதைக் கேட்கத்தான் ஆசிரியர் வேண்டும்.